மக்குப் பையனும் காரியச் செவிடும்

கம்பத்தில் அக்கா வீட்டு வாசலுக்கு ஜீப் வரும்போது விடிந்திருக்காது. தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அக்கா ஏறியதும் வண்டி கம்பம்மெட்டு மலைப்பாதையைப் பார்த்துப் புறப்பட்டுவிடும். ஏலத்தோட்டத்தில் வேலை முடிந்து அவள் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கூடலூர், கோம்பை, தேவாரம், போடி என்று பள்ளத்தாக்கின் எந்த ஊருக்குப் போனாலும் விடியற்காலை இதுதான். உழைக்கிற வயதில் இருப்பவர்கள் மலைக்கு மேலே. கீழே வீட்டைப் பார்த்துக்கொள்ளக் கிழவிகளும் பிள்ளைகளும்.

அக்கா வீட்டில் அப்படி இருப்பவர்கள் 71 வயதான என் அம்மாவும், நாலாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகனும். போன மாசியில் நான் போயிருந்த அன்று, கடையில் வாங்க வேண்டியதை அக்கா ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அம்மா அதைப் பேரனிடம் நீட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கீரை... ரெண்டு... த... தட்டு."

முற்றத்தில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "பட்டா? யாருக்குடா பட்டு?" என்றாள் அம்மா.

"இல்ல அம்மாச்சி, தட்டு... கட்டு."

"வாயத் தொறந்து சொல்லேன்டா. முணுமுணுன்னா என்ன வெளங்கும்?"

அவன் கத்தினான். அப்போதும் அம்மாவுக்கு விளங்கவில்லை, கோபம்தான் வந்தது. பையன் சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டான்.

அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் பட்டப்பெயர் உண்டு. பையன் மக்கு. வகுப்பில் விழுந்த பெயர் வீடுவரை வந்துவிட்டது. அம்மா காரியச் செவிடு. கூப்பிட்டால் காதில் விழாது, அவளைப் பற்றி அடுப்படியில் பேசினால் மட்டும் விழுந்துவிடும் என்பது அவள் மேல் உள்ள புகார். அந்தப் புகாரை அதிகம் சொன்னவன் நான்தான். அதனால்தான் மூளையைப் படம்பிடிக்கும் ஆய்வுகளை இத்தனை நாள் உட்கார்ந்து படித்தேன். படித்தபின் இரண்டு பெயரையும் இனி என்னால் சொல்ல முடியாது. சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் நாம் நினைக்கிற அந்த நிமிடத்தில் அவர்கள் மூளை நம்முடையதைவிட அதிகமாக உழைத்துக்கொண்டிருக்கிறது.

காதால் படிக்கிறோம்

பிள்ளை படிக்கத் தடுமாறினால் முதலில் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போகிறோம். அக்காவும் போனாள். கண்ணில் குறையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கண் நன்றாக இருக்கிறது, எழுத்து ஏறவில்லை என்றால் மக்கு. நடுவில் இன்னொரு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

'எழுத்துக் கூட்டிப் படி' என்று வாத்தியார் சொல்கிறாரே, உண்மையில் நாம் கூட்டுவது ஒலியை. க, ட், டு என்ற மூன்று வடிவங்களைக் கண் கொண்டுவந்து கொடுக்கிறது. அவற்றுக்குரிய ஒலிகளை எடுத்து, வரிசை மாறாமல் பிடித்து, ஒட்டி, பிறந்ததிலிருந்து காதால் கேட்டுப் பழகிய 'கட்டு' என்ற சொல்லோடு பொருத்த வேண்டும். கட்டு, தட்டு, பட்டு மூன்றுக்கும் முதல் ஒலியில்தான் வித்தியாசம். பேசும்போது இதில் எந்தப் பிள்ளைக்கும் சிரமமில்லை. அந்த முதல் ஒலியை மட்டும் தனியே கழற்றிக் காட்டு என்றால்தான் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் திணறுகிறார்கள். அறிவுக் கூர்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இது 1896-லேயே பதிவாகியிருக்கிறது. இங்கிலாந்தில் சீஃபோர்டு என்ற ஊரில் டாக்டர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன், விளையாட்டில் யாருக்கும் சளைத்தவனில்லை. ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதிவிட்டு, பிழை எங்கே என்று தெரியாமல் நின்றான். பாடமெல்லாம் வாய்வழியாக மட்டும் இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் பையன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். 130 வருடம் ஆகப்போகிறது. நம் வகுப்புகளில் அந்தப் பையன் இன்னும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

வாசிப்பு இத்தனை பேருக்கு ஏன் இடறுகிறது? மூளை அதற்கென்று உண்டானதில்லை. ஆண்டிபட்டிப் பக்கம் புள்ளிமான்கோம்பையில் 2006-ல் தமிழி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தவை. வைகைக் கரையில் எழுத்துக்கு ஈராயிரம் வயது தாண்டிவிட்டது என்று நாம் பெருமைப்படுகிறோம், படலாம். ஆனால் உலகத்திலேயே எழுத்து பிறந்து சுமார் ஐயாயிரம் ஆண்டுதான். பேசுவதற்கு வாய்த்ததுபோல வாசிப்பதற்கென்று ஓர் இடம் மூளையில் உருவாக இந்தக் காலம் போதாது. ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் ஒன்றாம் வகுப்பில் தன் மூளைக்குள் புதிதாக ஒரு பாதை போட்டாக வேண்டியிருக்கிறது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண்கிற பின்பகுதியில் ஒரு துண்டை எழுத்துக்கு ஒதுக்கி, அதைப் பேச்சைப் புரிந்துகொள்கிற இடப்பக்கப் பொட்டுப் பகுதியோடு இணைக்க வேண்டும். பிரான்ஸைச் சேர்ந்த ஸ்தானிஸ்லாஸ் தெஹேனும் லோரான் கோஹேனும் இந்தத் துண்டைத்தான் பல ஆண்டுகளாகத் துருவிப் பார்த்திருக்கிறார்கள்.

பாதை போடுவதற்கு வயது வரம்பும் இல்லை. லக்னோ பக்கத்துக் கிராமங்களில் எழுத்தறியாத, முப்பது வயதை ஒட்டியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி சொல்லிக்கொடுத்து, முன்னும் பின்னும் மூளையைப் படம்பிடித்தார்கள். மைக்கேல் ஸ்கைடே, உத்தம் குமார், ஃபால்க் ஹ்யூட்டிக் முதலியோர் செய்த இந்த ஆய்வு 2017-ல் வெளியானது. மூளையின் மேற்பரப்பைத் தாண்டி, அடியாழத்தில் தலாமஸ், மூளைத்தண்டு வரைக்கும் மாற்றம் தெரிந்தது. இதைப் படித்தபோது அம்மாவை நினைத்துக்கொண்டேன். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது அவளும் சிலேட்டோடு போனாள். கையெழுத்துப் போடக் கற்றதோடு நின்றுவிட்டது. ஏலத்தோட்டத்துக் கூலி நாள்களும் இரவு வகுப்பும் ஒத்துப்போகவில்லை. குறை அவள் மூளையில் இருந்ததில்லை.

கொம்பும் காலும்

ரத்தத்தில் ஆக்சிஜன் கூடிக் குறைவதை வைத்து மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று எம்.ஆர்.ஐ. கருவியில் பார்க்கலாம் என்பதை 1990-ல் செய்ஜி ஒகாவா காட்டினார். அதன்பிறகு வாசிப்பு ஆய்வுகள் வேகம் பிடித்தன. 1998-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சாலி ஷேவிட்ஸ், பென்னட் ஷேவிட்ஸ் குழுவினர் டிஸ்லெக்சியா உள்ளவர்களை வாசிக்கவைத்துப் பார்த்தார்கள். எழுத்தையும் ஒலியையும் சேர்க்கும் இடப்பக்கப் பின்பகுதி அடங்கிக் கிடந்தது. நெற்றிப் பக்கத்துப் பகுதி மற்றவர்களைவிட அதிகமாக உழைத்தது. நெடுஞ்சாலை அடைபட்டதால் வண்டி மலையைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி. போய்ச் சேரும், ஆனால் நேரமாகும், அலுப்பு வேறு. பத்து வரி படித்ததும் அக்கா மகன் கொட்டாவி விடுவதற்கு எனக்கு இப்போது வேறு அர்த்தம் தெரிகிறது.

நம் தமிழுக்கு அதிகம் பொருந்துவது 2001-ல் வந்த ஓர் ஆய்வு என்று நினைக்கிறேன். இத்தாலியைச் சேர்ந்த எரால்டோ பாலேசு குழுவினர் இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என மூன்று மொழிக்காரர்களின் மூளையைப் படம்பிடித்தார்கள். டிஸ்லெக்சியா உள்ள மூன்று கூட்டத்தாருக்கும் இடப்பக்கத்தில் ஒரே இடம்தான் மந்தமாக இருந்தது. ஆனால் இத்தாலியர்கள் மற்ற இருவரைவிடப் பிழை குறைவாக வாசித்தார்கள். இத்தாலிய எழுத்தைப் பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கலாம். ஆங்கிலம் அப்படி விடாது.

தமிழும் ஏறக்குறைய எழுதியபடி வாசிக்கும் மொழி. அதனால்தான் நம் பிள்ளைகளிடம் குறை ஒளிந்துகொள்கிறது என்று எனக்குப் படுகிறது. தப்பும் தவறுமாக வாசித்தால் யாராவது கவனிப்பார்கள். இவர்கள் சரியாக, ஆனால் நத்தை வேகத்தில் வாசிப்பார்கள். மெதுவாக வாசிப்பதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது.

தமிழுக்கென்று சில மேடுபள்ளங்களும் உண்டு. 'கெ' என்று எழுதினால் கண்ணுக்கு ஒற்றைக்கொம்பு முதலில் வருகிறது, நாக்குக்குக் ககரம் முதலில் வருகிறது. 'கொ' என்றால் ககரத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் துணைக்கால். இரண்டும் சேர்ந்து ஒரே உயிர். கல், மகன், தங்கம் மூன்றிலும் ஒரே ககர வரிசை, மூன்று விதமான ஒலி. வாசித்துப் பழகிய நமக்கு இவை கண்ணில் படுவதே இல்லை. 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளை, ஒரு சொல்லுக்குள் அவை கலைந்து வரும்போது நிற்கிறது என்றால் அது நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். பெங்களூரின் சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளிடம் இப்படிப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார். கன்னட எழுத்துகளைக் கற்க ஆங்கிலத்தைவிட அதிகக் காலம் பிடிக்கிறது என்று 2007-ல் எழுதினார். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நந்தினி சட்டர்ஜி சிங், இந்தியும் ஆங்கிலமும் வாசிப்பவர்களின் மூளையைப் படம்பிடித்தவர். அவருடைய குழு உருவாக்கிய 'டாலி' என்ற டிஸ்லெக்சியா சோதனை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் முதலில் வந்தது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990-களின் தொடக்கத்திலிருந்து ஆசிரியர்களைப் பழக்கிவருகிறது. சென்னையிலிருந்து கம்பம் வெகுதூரம்.

பழக்கினால் மாறுமா? மாறுகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் திமோத்தி கெல்லரும் மார்செல் ஜஸ்டும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்பில் பின்தங்கிய 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு 100 மணி நேரம் தனிப்பயிற்சி கொடுத்தார்கள். மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளே சீர்பட்டிருந்தன. 100 மணி நேரம் என்பது தினம் ஒரு மணி என்று வைத்தால் ஒரு கல்வியாண்டுக்குள் முடிகிற கணக்கு.

சத்தம் கேக்குது, பேச்சு புரியல

அம்மா சொல்வது இதுதான். எந்த ஊர்க் கிழவியைக் கேட்டாலும் இதே வார்த்தையில்தான் சொல்வாள். இதைவிடச் சரியாக எந்த டாக்டரும் சொல்லிவிட முடியாது.

உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள். அதற்குள் நாம் பிறக்கும்போது 15,000 சொச்சம் மயிர்ச்செல்கள். போனால் மனிதனுக்கு மறுபடி முளைக்காது. சுருளின் வாசலில் இருப்பவை கீச்சொலிகளுக்கானவை. வயதாக ஆக முதலில் அழிவதும் அவைதான். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம். ஆண்டிபட்டிப் பக்கம் விசைத்தறிக் கொட்டகையில் காலம் தள்ளியவர்களிடம் பேசிப் பாருங்கள், ஐம்பதிலேயே நம் உதட்டைப் பார்ப்பார்கள்.

பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த சுருதி, பலமானவை. க, த, ப, ச போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுணுக்கமெல்லாம் மேல்சுருதியில், மெல்லியதாக இருக்கிறது. அது உதிர்ந்துவிட்டால் கட்டு, தட்டு, பட்டு எல்லாம் 'அட்டு'. கத்தினால் உயிரொலிதான் இன்னும் பெருக்கும். தொலைந்த முதல் ஒலி திரும்பி வராது. ஒரே வீட்டில் பேரன் எந்த ஒலியைப் பிரிக்க முடியாமல் நின்றானோ, அதே ஒலியைப் பிடிக்க முடியாமல்தான் பாட்டியும் நின்றாள்.

காரியச் செவிடு என்ற பழிக்கும் இதில் பதில் இருக்கிறது. அமைதியான அறையில், எதிரே உட்கார்ந்து, தெரிந்த விஷயத்தைப் பேசினால் விட்டுப்போன ஒலிகளை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். மோட்டாரோ மிக்ஸியோ ஓடினால் முடியாது. சொந்தப் பெயர் மட்டும் பலருக்கு இரைச்சலுக்குள்ளும் சட்டென்று காதில் படும். அடுப்படியில் அம்மாவின் பெயர் அடிபடும்போது அவள் திரும்பிப் பார்த்தது அதனால்தான். இத்தனை வருடம் அதை வைத்து அவளைக் குத்திக்காட்டியிருக்கிறேன்.

ஊகித்து நிரப்புவதற்கு விலை உண்டு. 2011-ல் ஜொனதன் பீல் குழுவினர், காது மந்தமான முதியவர்கள் சிக்கலான வாக்கியங்களைக் கேட்கும்போது பேச்சுப் பகுதிகள் மங்கலாக இயங்குவதையும், ஒலியைக் கேட்கும் பகுதியில் மூளைத் திசு குறைந்திருப்பதையும் பார்த்தார்கள். தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மார்க் எக்கர்ட், வாசிப்புக் குறைபாடு, முதுமைக் காது மந்தம் இரண்டையுமே ஆராய்பவர். அவரும் கென்னத் வேடனும் சேர்ந்து செய்த 2013 ஆய்வு இரைச்சலுக்கு நடுவே சொற்களைக் கேட்கவைத்தது. எம்.ஆர்.ஐ. கருவியே பயங்கரமாகச் சத்தம் போடும் என்பதால் இந்த மாதிரி ஆய்வுகளில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கருவி ஓய்ந்திருக்கும் நொடிகளில் சொல்லை ஒலிக்கவிடுவார்கள். கேட்பது கடினமாகும்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள ஒரு வலைப்பின்னல் விழித்துக்கொண்டது. கவனம் சிதறாமல் காக்கும் காவல்காரன் அது. அது விழித்திருந்தால் அடுத்த சொல் சரியாகக் காதில் விழும் வாய்ப்புக் கூடியது. நாள் முழுக்க இந்தக் காவல்காரனை எழுப்பியே வைத்திருந்தால் கேட்டதை நினைவில் வைக்க மிச்சம் என்ன இருக்கும்? கல்யாண வீட்டிலிருந்து அம்மா பாதியில் எழுந்து வந்துவிடுவாள். 'தல கிறுகிறுங்குது' என்பாள். பந்தலில் குழாய் ரேடியோ அலறிக்கொண்டிருக்கும்.

டிமென்ஷியா என்ற மறதி நோய் பற்றியும் சொல்ல வேண்டும், அளவோடு. பால்டிமோரில் 639 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஃபிராங்க் லின், லேசான காது மந்தம் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா இரண்டு மடங்கும், கடுமையாக இருந்தவர்களுக்கு ஐந்து மடங்கும் வந்ததாக 2011-ல் எழுதினார். காது மிஷின் போட்டால் தடுக்கலாமா என்று 977 முதியவர்களிடம் மூன்று ஆண்டு நடந்த சோதனையின் முடிவு 2023-ல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமுள்ள பிரிவினரிடம் மட்டும் அறிவுத்திறன் தேய்வது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதை வைத்துக்கொண்டு 'மிஷின் போடாவிட்டால் புத்தி பேதலிக்கும்' என்று பயமுறுத்தி விற்பவர்களை நம்ப வேண்டாம். பேரன் பேசுவது புரிய வேண்டும் என்பதே மிஷின் போடப் போதுமான காரணம்.

இந்த எண்களெல்லாம் பெரும்பாலும் படித்த வெள்ளைக்காரர்களிடம் எடுத்தவை. எழுதப் படிக்கத் தெரியாத, வெயிலில் உழைத்த, இரண்டு மூன்று மொழி பேசும் என் அம்மாவுக்கு அப்படியே பொருந்துமா? ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தள்ளி வருவதாக 2013-ல் சொன்னார்கள். எழுத்தறியாதவர்களிடமும் அந்தப் பலன் தெரிந்தது. வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் எல்லாமே இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ, தெருவில் தமிழ், மலைக்கு மேலே மலையாளம் என்று வாழ்கிற நம் பள்ளத்தாக்கைப் போல இதைச் சோதிக்கத் தோதான இடம் வேறு எங்கே இருக்கிறது? பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரம் கிராமங்களில் 45 வயது தாண்டியவர்களைச் சேர்த்து, ரத்தம், காது, மூளைப் படம் என்று ஆண்டுக்கணக்காகத் தொடரும் பெரிய ஆய்வை நடத்துகிறது. இலக்கு 10,000 பேர். அப்படி ஒன்று தேனிக்கும் வர வேண்டும்.

ஸ்கேன் வேண்டாம்

இவ்வளவு படித்தபின் அக்கா கேட்டது ஒரே கேள்வி: "அப்ப இவனுக்குத் தல ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமா?"

வேண்டாம். டிஸ்லெக்சியாவை ஒரு பிள்ளையின் ஸ்கேனில் கண்டுபிடிக்க முடியாது. மேலே சொன்னதெல்லாம் ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுக் கிடைத்த சராசரிகள். எக்கர்ட் குழுவினர் பல ஆய்வகங்களின் படங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஓர் இடத்தில் பளிச்சென்று தெரிந்த வேறுபாடு இன்னோர் இடத்தில் மங்கிப்போனது. பிள்ளையை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, ஒலிகளைப் பிரிக்கச் சொல்லி, நேரம் பார்க்கிற சோதனைதான் வேண்டும். கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 21 வகைகளில் ஒன்று. சான்றிதழ் இருந்தால் அரசுத் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆள் உண்டு. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைத் தேடிப் போங்கள் என்று யாரும் அக்காவிடம் சொல்லியிருக்கவில்லை. ஜீப் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தாலும், போய்வர ஒரு நாள் கூலி போகும்.

அம்மாவிடம் காது மிஷின் ஏற்கெனவே இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முகாமில் கொடுத்தது, பெட்டியோடு பீரோவில் கிடந்தது. காதுக்கு அளவெடுத்து அச்சு செய்யவில்லை, எந்தச் சுருதியில் எவ்வளவு குறைவு என்று பார்த்து ஒலியைத் திருத்தவில்லை, மறுபடி வரச் சொல்லவும் இல்லை. போட்டால் விசிலடித்தது, தட்டு விழுந்தால் இடி இடித்தது. கழற்றி வைத்துவிட்டாள். மிஷின் கொடுப்பது பாதி வேலைதான். காது கேட்கப் பழகுவதற்குப் பல வாரம் வேண்டும், அதுவரை இரண்டு மூன்று முறை திருத்த வேண்டும். முகாம் நடத்துகிறவர்களிடம் இரண்டாவது தேதியையும் கேட்டு வாங்குங்கள். வைகாசியில் அம்மாவை மதுரைக்குக் கூட்டிப் போய் அச்சு எடுத்தேன். திருத்தம் இன்னும் முடியவில்லை.

போன வாரம் கம்பத்துக்குப் போனேன். சீட்டு வாசிக்கும் நேரம் வந்ததும் பையன் தானாகவே எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினான். அம்மாச்சிக்கு எதிரே, முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தான். 'கீரை' வந்துவிட்டது. அடுத்த சொல்லுக்கு நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பட்டு என்றால் உதடு ஒட்ட வேண்டும். அவன் உதடு ஒட்டவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்:

"எத்தன கட்டு?"